நான்கு வயதுப் பிள்ளையைச் சைக்கிளில் முன்பள்ளிக்குக் கூட்டிச் செல்லலாமா? (வெள்ளவத்தை – பம்பலப்பிட்டி)

சங்குப்பூ (வெள்ளவத்தை) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில் குடியிருக்கிறோம். மகளுக்கு நான்கு வயது. பம்பலப்பிட்டியில் உள்ள முன்பள்ளி ஒன்றில் சேர்த்திருக்கிறோம். காலை எட்டு மணிக்கு விடவேண்டும், பதினொன்றரைக்கு அழைத்துவர வேண்டும். தூரம் இரண்டு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். பாடசாலை வான்காரருக்கு இந்த நேரம் ஒத்துவரவில்லை. ஓட்டோ என்றால் விடப் போகவும் திரும்பி வரவும், பிறகு கூட்டப் போகவும் வரவும் என்று நாளுக்கு நான்கு கூலி ஆகிறது. காலையில் கிடைப்பதும் உறுதியில்லை. நடந்து போனால் போகும்போது பரவாயில்லை, திரும்பும்போது வெயில் தாங்காமல் அவள் பாதி வழியிலேயே என் இடுப்பில் ஏறிவிடுகிறாள்.

வீட்டில் கியர் வைத்த சைக்கிள் ஒன்று இருக்கிறது. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது கணவர் வாங்கியது. பெட்ரோல் ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு பல்கனியில் துணி காயப்போடத்தான் பயன்படுகிறது. யாழ்ப்பாணத்தில் பாடசாலைக் காலம் முழுவதும் நான் சைக்கிள் ஓடியவள் என்பதால் ஓட்டம் எனக்குப் புதிதல்ல. ஆனால் மாமியார், “யாழ்ப்பாணத்து ஒழுங்கையும் கொழும்புக் காலி வீதியும் ஒன்றா?” என்று கேட்கிறார். கணவர் இரண்டு பக்கமும் பேசாமல் இருக்கிறார்.

பிள்ளையை முன்னால் இருத்துவது நல்லதா, பின்னால் இருத்துவது நல்லதா? எந்த வீதியால் போவது? இந்த நகரத்தில் சிறு பிள்ளையை வைத்து ஓடியவர்கள் யாராவது இருந்தால், உண்மையில் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். “துணிந்து செய்யுங்கள்” என்ற உற்சாக வார்த்தையைவிட, என்னென்ன இடத்தில் சிக்கல் வரும் என்பதையே நான் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

காற்றாடி (பம்பலப்பிட்டி) எழுதுகிறார்:

என் மகனைப் பின்னால் இருத்தி இதே பக்கங்களில் நெடுநாள் ஓடியிருக்கிறேன். இப்போது அவன் தன் சொந்தச் சைக்கிளுக்கு மாறிவிட்டான். உங்கள் மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு நீங்கள் கொடுக்கக்கூடிய நேரான பதில், “காலி வீதியில் நான் ஓடப்போவதில்லை” என்பதுதான். கொழும்பில் பிள்ளையோடு சைக்கிள் ஓடுவது ஆபத்தா இல்லையா என்று பொதுவாகக் கேட்டால் யாரும் பதில் சொல்ல முடியாது. எந்த வீதி, எந்தப் பக்கம், எத்தனை மணி என்று கேட்டால் சொல்லலாம்.

காலி வீதியில் இடது ஓரத்துத் தடம் பேருந்துகள் ஓடும் தடம். சைக்கிளும் இடது ஓரத்தில்தான் போகவேண்டும். பேருந்து உங்களைத் தாண்டிப் போய் முன்னால் தரிப்பிடத்தில் வளைத்து நிற்கும். நீங்கள் காத்து நின்றால் புகை முழுவதும் பிள்ளையின் முகத்தில் அடிக்கும், வலப்பக்கமாக விலகினால் பின்னால் வரும் அடுத்த பேருந்தின் முன்னால் போய் நிற்பீர்கள். தனியாக ஓடுகிறவர் கால் ஊன்றி, நெளிந்து, எப்படியோ வெளியே வந்துவிடுவார். பின்னால் பதினாறு கிலோ இருக்கும்போது அந்த நெளிவு வராது. ஆகவே காலி வீதியை ஓடும் பாதையாக எண்ணவே வேண்டாம்.

உங்களுக்கு அதிர்ஷ்டவசமாகக் கடலோரமாகப் போகும் மரைன் டிரைவ் வீதி இருக்கிறது. நீங்கள் கடற்பக்கத்திலேயே குடியிருப்பதால் காலி வீதியைக் குறுக்கே கடக்கவும் தேவையில்லை. இதில் பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். காலையில் வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி நோக்கிப் போகும்போது உங்கள் இடப்பக்கம் ரயில் பாதையும் கடலும்தான். அந்தப் பக்கத்திலிருந்து எந்த ஒழுங்கையும் வந்து சேர்வதில்லை. ஆகவே எந்த வாகனமும் உங்கள் இடப்பக்கத்தால் திடீரென்று மூக்கை நீட்டாது. திரும்பி வரும்போது நிலைமை அப்படியே மாறிவிடுகிறது. அப்போது உங்கள் இடப்பக்கம் வீடுகளும் கடைகளும் ஹோட்டல்களும். ஒவ்வோர் ஒழுங்கை வாயிலிலும் ஒரு கார் அல்லது ஓட்டோ பாதி வெளியே வந்து நின்று, வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். சாரதி உங்களைக் கண்டுவிட்டாரா என்று அவருடைய கண்ணைப் பார்த்து உறுதிசெய்யாமல் அந்த மூக்கின் முன்னால் கடக்க வேண்டாம். பிரேக்கில் கையை வைத்தபடி மெதுவாக வாருங்கள். இரண்டும் ஒரே வீதி என்று எண்ணிவிடாதீர்கள், போவதற்கு ஒரு வகைக் கவனமும் வருவதற்கு வேறொரு வகைக் கவனமும் வேண்டும்.

அடுத்தது கால்வாய். வெள்ளவத்தையையும் பம்பலப்பிட்டியையும் அந்தக் கால்வாய்தான் பிரிக்கிறது. எந்த ஒழுங்கையால் சுற்றிப் போனாலும் கடைசியில் ஒரு பாலத்துக்கு வந்துதான் ஆகவேண்டும்; எல்லா வாகனங்களுக்கும் அதே கதிதான். மரைன் டிரைவ் பாலத்தில் நெரிசலாக இருந்தால் ஓடிக் கடக்க வேண்டுமென்று எந்தக் கட்டாயமும் இல்லை. இறங்கி, பிள்ளை இருக்கையிலேயே இருக்க, ஓரமாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போங்கள். உருட்டுவதை ஒரு குறைவாக நினைக்கிறவர்கள்தான் பெரும்பாலும் சிக்கலில் மாட்டுகிறார்கள். முன்பள்ளி இருக்கும் ஒழுங்கைக்குள் நீங்கள் வலப்பக்கம் திரும்பவேண்டியிருக்கும் அல்லவா? அந்த இடத்திலும் வீதியின் நடுவில் கையைக் காட்டிக்கொண்டு நிற்காமல், இடது ஓரத்தில் நிறுத்தி இறங்கி, இரு பக்கமும் ஒழிந்த பிறகு உருட்டிக் கடவுங்கள். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர், நீங்கள் வலப்பக்கம் திரும்பக் கையைக் காட்டினாலும் உங்களுக்கு வலப்பக்கத்தாலேயே முந்தப் பார்ப்பார்.

நேரமும் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. அரச பாடசாலைகள் காலை 7.30 க்குத் தொடங்குவதால் அதற்கு முந்திய அரை மணித்தியாலம் வான்களும் கார்களும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். நீங்கள் 7.40 அளவில் புறப்பட்டால் அந்த அலை வடிந்திருக்கும். பதினொன்றரைக்குத் திரும்பும்போது பெரிய பாடசாலைகள் விட்டிருக்காது. அடுத்த ஆண்டு அவள் தரம் ஒன்றுக்குப் போய்விட்டால் இந்தச் சலுகை இல்லாமல் போய்விடும். அப்போது மீண்டும் யோசிக்க வேண்டியதுதான்.

நிறுத்தி வைத்த கார்களுக்குப் பக்கத்தில் ஓடும்போது, கதவு திறந்தால் படாத அளவு, அதாவது ஒரு மீற்றராவது தள்ளி ஓடுங்கள். பின்னால் ஹோர்ன் அடிப்பார்கள், அடிக்கட்டும். ஹோர்ன் அடிப்பவர் உங்களைக் கண்டுவிட்டார் என்று பொருள். விடியற்காலையில் ஒழுங்கை நாய்கள் சுழலும் காலைத் துரத்தும். அந்த நேரத்தில் வேகமாக மிதித்துத் தப்பப் பார்க்காமல் நின்றுவிடுங்கள், கால் சுழலாவிட்டால் அவை பெரும்பாலும் ஆர்வம் இழந்துவிடும். உங்கள் ஒழுங்கை முகப்பில் ஓட்டோத் தரிப்பிடம் இருந்தால் அங்குள்ளவர்களோடு முகம் பழகிக்கொள்ளுங்கள். என் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஓட்டோக்காரர்கள் எங்கள் ஒழுங்கையில் இருந்தார்கள். நாங்கள் வெளியே வரும்போது அவர்களே கையைக் காட்டி வாகனங்களை நிறுத்துவார்கள்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து குறுக்காக அடிக்கும். பின் இருக்கையில் பிள்ளை இருந்தால் அதுவே பாய் விரித்தது போலக் காற்றைப் பிடிக்கும். கட்டடங்களின் மறைவு முடிந்து வெட்டவெளி வரும் இடத்தில் சைக்கிள் ஒரு பக்கம் தள்ளுப்படும். அந்தத் தள்ளலை எதிர்பார்த்து ஓடினால் பயப்பட ஒன்றுமில்லை, எதிர்பாராமல் வந்தால் பயந்துபோவீர்கள்.

பழைய கரியர் (கொட்டாஞ்சேனை) எழுதுகிறார்:

எங்கள் குடும்பத்துக்குச் சைக்கிள் திருத்தும் கடை உண்டு. பாதையைப் பற்றி மேலே சொன்னவருக்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. சைக்கிளைப் பற்றிச் சொல்கிறேன்.

முன்னாலா பின்னாலா என்ற கேள்விக்கு உங்கள் பிள்ளையின் எடையே பதில் சொல்லிவிடுகிறது. நான்கு வயதுப் பிள்ளை சாதாரணமாகப் பதினாறு கிலோ அளவில் இருக்கும். கைபிடிக்கு அருகே பூட்டும் முன் இருக்கைகளில் பெரும்பாலானவற்றுக்கு எல்லை பதினைந்து கிலோ. அதோடு அந்த வயதுப் பிள்ளையின் தலை உங்கள் நாடிக்கு இடிக்கும், கைபிடியைத் திருப்பவும் இடம் போதாது. பின் இருக்கைகள் பெரும்பாலும் இருபத்திரண்டு கிலோ வரை தாங்கும். ஆகவே பின்னால்தான். ஊரில் பெரிய சைக்கிளின் பாரில் பூட்டும் சிறிய சீற் ஒன்று உண்டு. உங்களுக்கும் நினைவிருக்கும், நம்மில் பலர் அதில் இருந்துதான் வளர்ந்தோம். அதில் பெல்ட்டும் இல்லை, முதுகுச் சாய்வும் இல்லை, கால் போய் முன் சில்லில் படாமல் இருக்கத் தடுப்பும் இல்லை. கொழும்பில் அது வேண்டாம்.

பின் இருக்கையில் இரண்டு வகை உண்டு. ஒன்று கரியரின் மேல் பூட்டுவது, மற்றது சீற்றுக்குக் கீழே உள்ள சட்டக் குழாயில் கவ்வி, இரண்டு உருக்குக் கம்பிகளில் மிதந்து நிற்பது. கரியரில் பூட்டுவதென்றால் முதலில் கரியரில் என்ன எடை பொறித்திருக்கிறது என்று பாருங்கள். கியர் சைக்கிள்களோடு அலங்காரமாக வரும் மெல்லிய அலுமினியக் கரியர் பத்துக் கிலோ, பதினைந்து கிலோவுக்கு மேல் தாங்காது. இருக்கையே மூன்று முதல் ஐந்து கிலோ வரும், பிள்ளையோடு சேர்த்தால் இருபதைத் தாண்டிவிடும். இருபத்தைந்து கிலோ என்று பொறித்த கரியர் தேவை. சட்டக் குழாயில் கவ்வும் வகை என்றால் குழாய் வட்டமாக இருக்கிறதா, கவ்வியின் அளவுக்குப் பொருந்துகிறதா என்று கடையில் சைக்கிளையே கொண்டுபோய்ப் பூட்டிப் பார்த்து வாங்குங்கள். பழைய இருக்கை மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம். ஆனால் பெல்ட்டின் கிளிப்பைப் பத்துத் தடவை பூட்டித் திறந்து பாருங்கள், பிளாஸ்டிக் வெயிலில் வெளிறி மயிரிழை போல வெடித்திருக்கிறதா என்று விளிம்புகளைப் பாருங்கள். அப்படி வெடித்திருந்தால் சும்மா தந்தாலும் வேண்டாம்.

உங்கள் சைக்கிள் 2022 இல் வாங்கிப் பல்கனியில், அதுவும் கடற்கரைப் பக்கத்தில் நின்றது என்று சொன்னீர்கள். எனக்கு அதுதான் கவலை. உப்புக் காற்று செயினை மட்டுமல்ல, பிரேக் வயரையும் உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும். வெளியே உறை புதிதாகத் தெரியும், உள்ளே வயர் இழை இழையாக அறுந்திருக்கும். பிரேக் கட்டைகள் கல்லாக இறுகியிருக்கும். வயர், கட்டை, செயின் மூன்றையும் யோசிக்காமல் மாற்றுங்கள், பெரிய செலவில்லை. டயரின் பக்கச் சுவரை விரலால் மடித்துப் பாருங்கள், வெடிப்புத் தெரிந்தால் அதையும் மாற்றுங்கள். ரிம் உருக்கா அலுமினியமா என்றும் பாருங்கள். உருக்கு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பிடித்த பிறகும் வழுக்கிக்கொண்டே போகும். அலுமினியம் என்றால் ஓரளவு பிடிக்கும்.

இன்னும் இரண்டு சிறிய விடயங்கள். சீற்றின் அடியில் சுருள் கம்பி உள்ள சைக்கிள் என்றால் அதை மூடிக் கட்டுங்கள்; நீங்கள் ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது அந்தச் சுருள் நசுங்கும், பின்னால் இருக்கும் பிள்ளையின் விரல் சரியாக அங்கேதான் இருக்கும். அடுத்தது ஸ்டாண்ட். ஒற்றைக்கால் ஸ்டாண்டில் பிள்ளையை இருத்திவிட்டு ஒரு கணமும் கையை எடுக்க வேண்டாம். அகலமான இரட்டைக்கால் ஸ்டாண்ட் ஒன்று போட்டால் ஏற்றி இறக்க எளிது, ஆனால் அதிலும் பிள்ளையைத் தனியாக விடக்கூடாது. வீட்டில் பிள்ளையை ஏற்றுவது கடைசி வேலையாகவும், போய்ச் சேர்ந்ததும் இறக்குவது முதல் வேலையாகவும் இருக்கட்டும்.

பிள்ளையை ஏற்றுவதற்கு முன் இருக்கையில் அரிசி மூட்டையைக் கட்டி ஒரு வாரமாவது ஓடிப் பாருங்கள். புறப்படும்போது முன்சில்லு இலேசாகி ஆடும். நிற்கும்போது சைக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே போய்விடப் பார்க்கும். அரிசி கொட்டினால் அள்ளிக்கொள்ளலாம்.

பென்சன்காரர் (தெஹிவளை) எழுதுகிறார்:

மகள், நான் உங்கள் மாமியாரின் பக்கம். உங்களுடைய ஓட்டத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் மற்றவர்களுடைய அவசரத்தில்தான். தலைக்கவசமும் பெல்ட்டும் நல்ல கரியரும் நீங்கள் விழுந்தால் பிள்ளையைக் காக்கும். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு பின்னால் வருகிறவனிடமிருந்து காக்காது. காலி வீதி வேண்டாம் என்பதில் நண்பர் காற்றாடியோடு உடன்படுகிறேன், ஆனால் மரைன் டிரைவை அவர் கொஞ்சம் மெழுகிச் சொல்கிறார். அங்கே சந்திகளும் சமிக்ஞை விளக்குகளும் குறைவு என்பதால்தான் இளைஞர்கள் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போகிறார்கள்.

என் யோசனை வேறு. பிள்ளையை முதலில் தானாக ஓடப் பழக்குங்கள். நான்கு வயது அதற்கு மிகப் பொருத்தமான வயது. பக்கச் சில்லு பூட்டிப் பழக்குவதைவிட, சிறிய சைக்கிளின் பெடல்களைக் கழற்றி, இரு கால்களும் நிலத்தில் படும்படி சீற்றைத் தாழ்த்திவிட்டுத் தள்ளித் தள்ளிப் போகவிடுங்கள். சமநிலை வந்த பிறகு பெடலைப் பூட்டினால் அதிக நாள் எடுக்காது. என் பேரப்பிள்ளைகளை அப்படித்தான் பழக்கினோம். இடம் என்றால் சுதந்திரச் சதுக்கத்தைச் சுற்றியுள்ள அகன்ற பாதைகள் இருக்கின்றன. எந்தப் பகுதியில் சைக்கிள் விடலாம் என்று அங்குள்ள காவலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தியவன்னா ஓயாப் பக்கத்து நடைபாதைகள் இருக்கின்றன. போயா (பௌர்ணமி) விடுமுறை நாட்களில் காலை வேளையில் நகரமே அடங்கிக் கிடக்கும். சித்திரைப் புத்தாண்டு வாரத்தில் பாதிக் கொழும்பு ஊருக்குப் போய்விடும். அந்த நாட்களில் காலி வீதியே நம் முற்றம் மாதிரி ஆகிவிடும் என்பது கொழும்பில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

காலி முகத்திடலில் ஒரு பழைய கல்வெட்டு இருக்கிறது. அந்த நடைபாதையை ஆளுநர் ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்ததாகவும், கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக அதைப் பேணும்படி தமக்குப் பின்வருபவர்களிடம் ஒப்படைத்ததாகவும் அதில் பொறித்திருக்கிறது. வெள்ளைக்காரனுக்குப் பிள்ளைகள் வெளியே காற்று வாங்கவேண்டும் என்ற யோசனையாவது வந்திருக்கிறது. மாநகர சபையில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் மரைன் டிரைவின் கடற்பக்கத்தில் சைக்கிளுக்கு ஒரு தடுப்பு வைத்த தடம் கேளுங்கள். அந்தப் பக்கத்தில் குறுக்கு வீதிகளே இல்லை என்று காற்றாடி சொன்னாரே, அதைவிட நல்ல இடம் இந்த நகரத்தில் எங்கே கிடைக்கும்? அது வரும்வரை நடந்து போங்கள் என்றுதான் சொல்வேன்.

இரவுப்பணி (நாரஹேன்பிட்டி) எழுதுகிறார்:

நான் தாதியாக இருக்கிறேன். விபத்துப் பிரிவிலும் வேலை செய்திருக்கிறேன். பென்சன்கார ஐயா பின்னால் வரும் வாகனத்தைப் பற்றிச் சொன்னார். அது உண்மையான பயம். ஆனால் சைக்கிளில் ஏற்றிச் செல்லப்பட்ட சிறு பிள்ளைகளுக்கு வரும் காயங்களில் மிகவும் தவிர்க்கக்கூடியது வேறொன்று: பின் சில்லுக்குள் கால் போவது. கரியரில் வெறுமனே இருத்தப்பட்ட பிள்ளை களைத்தோ நித்திரையிலோ காலைத் தொங்கவிடும். குதி சில்லுக் கம்பிகளுக்கும் சட்டத்துக்கும் இடையில் அகப்படும். ஓட்டுகிறவருக்குச் சைக்கிள் கனப்பது போலத் தோன்றுவதால் இன்னும் ஒரு மிதி மிதிப்பார். குதித் தோல் மடலாக உரிந்து வரும், சில வேளை எலும்பும் முறியும்; ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். இருக்கையில் காலுக்குப் பக்கத் தடுப்பும், பாதத்தை இழுத்துக் கட்டும் பட்டியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாத இருக்கை எத்தனை அழகாக இருந்தாலும் வேண்டாம். செருப்போடு ஏற்ற வேண்டாம், குதியை மூடும் சப்பாத்து வேண்டும். உங்களுடைய சால்வையும் சுடிதார் துப்பட்டாவும்கூட இதே சில்லுக்குள்தான் போகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

தலைக்கவசத்தைப் பற்றி. வீட்டில் மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் இருக்கிறது என்று அதைப் பிள்ளைக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான்கு வயதுக் கழுத்துக்கு அது மிகக் கனம். சைக்கிளுக்கென்று செய்த இலேசான சிறுவர் தலைக்கவசமே வேண்டும். முன் விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில் நிற்கவேண்டும். பின்னுக்குச் சரிந்து நெற்றி தெரிந்தால் பயன் இல்லை. பட்டி காதுக்குக் கீழே சந்திக்கவேண்டும், நாடிக்கும் பட்டிக்கும் இடையில் ஒரு விரல் நுழையவேண்டும். பெண் பிள்ளை என்பதால் இதையும் சொல்கிறேன்: உச்சியில் கொண்டை போட்டால் தலைக்கவசம் தலையில் இருக்காது, கொண்டையில்தான் இருக்கும். பின்னலைத் தாழ்வாகப் போடுங்கள். இருக்கையின் முதுகு உயரமாக இருந்தால் அது தலைக்கவசத்தின் பின்புறத்தை முன்னே தள்ளி, பிள்ளை எப்போதும் குனிந்திருக்கும்படி செய்துவிடும். வாங்கும்போதே தலைக்கவசத்தோடு இருத்திப் பாருங்கள். முன்பள்ளியில் இறக்கியதும் அதைக் கழற்றிவிடுங்கள். ஏணியிலும் சறுக்கிலும் ஏறும்போது நாடிப்பட்டி கொழுவிக்கொண்டால் கழுத்தை நெரிக்கும்.

பதினொன்றரை வெயிலுக்கு இருக்கையை வெளியில் நிறுத்தி வைத்தால் பிளாஸ்டிக்கும் கிளிப்பும் சுடும். நீங்கள் கையை வைத்துப் பார்த்துவிட்டு இருத்துங்கள், அல்லது ஒரு வெள்ளைத் துணியால் மூடி வையுங்கள். நீங்கள் மிதிப்பதால் உங்களுக்குக் காற்று வரும். பின்னால் அசையாமல் இருக்கும் பிள்ளைக்கு உங்கள் முதுகுதான் காற்றை மறைக்கிறது; ஏறுவதற்கு முன்பே தண்ணீர் கொடுத்துவிடுங்கள்.

சங்குப்பூ (வெள்ளவத்தை) எழுதுகிறார்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இத்தனை விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நேற்று இவற்றை மாமியாருக்கும் வாசித்துக் காட்டினேன். பென்சன்கார ஐயா எழுதியதை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார்.

ஐயா, நீங்கள் சொன்னபடி மகளைத் தானாக ஓடப் பழக்குவதை இந்த வார இறுதியிலேயே தொடங்கப்போகிறோம். ஆனால் அவள் தானாக ஓடக் கற்றுக்கொண்டாலும் வீதியில் முன்பள்ளிக்கு ஓடிப் போகப்போவதில்லை. அந்த வயதில் வரும் வாகனத்தின் வேகத்தை மதிப்பிட முடியாது. ஆகவே நாளாந்தப் பயணத்துக்கு வழி வேண்டியே இருக்கிறது. கரியரையும் வயர்களையும் முதலில் மாற்றிவிட்டு, அரிசி மூட்டையோடு மரைன் டிரைவில் அதே நேரத்துக்கு ஓடிப் பார்ப்பதென்றும், கணவரும் ஒரு நாள் பின்னால் நடந்து வந்து பார்ப்பதென்றும் முடிவாகியிருக்கிறது. அதன் பிறகும் மாமியாருக்கு மனம் ஒப்பாவிட்டால் காலையில் மட்டும், கடற்பக்கமாகப் போகும் பயணத்தை மட்டும் சைக்கிளில் வைத்துக்கொண்டு, திரும்பும்போது அவளை இருக்கையில் இருத்தி உருட்டி வரலாம் என்று நினைக்கிறேன். இடுப்பில் தூக்குவதைவிட அது மேல்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். மழைக்கு என்ன செய்வது? அவளுடைய புத்தகப் பையையும் சாப்பாட்டுப் பெட்டியையும் என் முதுகில் போட்டுக்கொள்ளலாமா?

காற்றாடி (பம்பலப்பிட்டி) எழுதுகிறார்:

காலையில் சைக்கிள், திரும்பும்போது உருட்டல் என்பது நல்ல ஏற்பாடு. நான் எழுதியதிலிருந்து அது எனக்கே தோன்றவில்லை.

பையை முதுகில் போடாதீர்கள். பின் இருக்கையில் இருக்கும் பிள்ளையின் முகம் உங்கள் முதுகிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கும். பை அப்படியே மூக்கில் இடிக்கும், பிரேக் பிடிக்கும்போது இன்னும் மோசம். முன்னால் ஒரு கூடை பூட்டி அதில் வையுங்கள். பின்பாரத்தால் முன்சில்லு இலேசாவதை அது சற்று ஈடுசெய்யவும் செய்யும். பையின் வார் சில்லுக்குள் தொங்காதபடி கூடைக்குள் சுருட்டி வைக்கவேண்டும்.

மழையைப் பொறுத்தவரை ஒக்டோபர், நவம்பர் மாத இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும்; உங்கள் நேரங்கள் அதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. மே, ஜூன் மாதங்களில் காலையிலும் பெய்யும். இலேசான தூறலுக்கு இருவருக்கும் தனித்தனியாக, உடம்போடு ஒட்டிய மழை அங்கி போதும். தலைவழியாகப் போடும் அகன்ற மழைப் போர்வைக்குள் பிள்ளையையும் சேர்த்து மூடிக்கொண்டு போகிறவர்களைக் கண்டிருக்கிறேன். காற்றில் அது சில்லில் சுற்றும், பின்னால் வருகிறவருக்குப் பிள்ளை இருப்பதே தெரியாது. பிள்ளையின் அங்கி மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறமாக இருக்கட்டும். வீதியில் போட்ட வெள்ளைக் கோடுகளும் வடிகாலின் இரும்பு மூடிகளும் நனைந்தால் வழுக்கும்; அவற்றின் மேல் திரும்பவோ பிரேக் பிடிக்கவோ வேண்டாம். ஒழுங்கையில் தண்ணீர் நின்றால் அதற்குள் இறங்கவே வேண்டாம், அடியில் மூடி கழன்ற வடிகால் இருக்கிறதா என்று மேலே இருந்து தெரியாது.

பெருமழை என்றால் அன்றைக்கு ஓட்டோதான். அதற்காகத்தான் தரிப்பிடத்துக்காரர்களோடு பழகி வைக்கச் சொன்னேன். மழை நாளில் முகம் தெரிந்தவருக்கே முதலில் வருவார்கள்.

பென்சன்காரர் (தெஹிவளை) எழுதுகிறார்:

உருட்டி வருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கணவர் பின்னால் நடந்து பார்க்கும் நாள், விடுமுறை நாளாக இல்லாமல் பாடசாலை நாளாக இருக்கட்டும். சனிக்கிழமை மரைன் டிரைவைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். மாமியாரையும் அன்று கூட்டிப் போங்கள்.